போத்தலில் போன கட்டி

என் வயிற்றுக்குள் இருந்ததைப் பற்றி என்னைத் தவிர மற்ற எல்லோரிடமும் பேசினார்கள். இதை இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நாவலப்பிட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாதி ஆயுள் கணக்குப் பாடம் எடுத்தவள் நான். ஒரு நீர்க்கட்டி எத்தனை சென்டிமீட்டர் என்று சொன்னால் விளங்காத ஆள் இல்லை. ஆனாலும் கண்டியில் ஸ்கேன் எடுத்த டாக்டர், என் வயிற்றில் தடவிய களிம்பு காய்வதற்கு முன்பே திரையை விலக்கி, வெளியே நின்ற என் கணவரைக் கூப்பிட்டு அவரிடம்தான் விஷயத்தைச் சொன்னார். நான் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன்.

விஷயம் இதுதான். இடது பக்கச் சூலகத்தில் ஒரு நீர்க்கட்டி, பெரிய மாங்காய் அளவுக்கு. மாதவிடாய் நின்று பல வருஷமான ஒருத்திக்கு அந்த இடம் சுருங்கிக் கிடக்க வேண்டுமே தவிர வளரக்கூடாது. இளம் வயதென்றால் கொஞ்ச நாள் கழித்து வந்து பாருங்கள் என்று அனுப்பிவிடுவார்களாம். என் வயதில் அப்படி விடமுடியாது, அது புற்றுநோயா இல்லையா என்று பார்த்தே ஆகவேண்டும் என்றார். புற்றுநோய் என்ற வார்த்தை வந்தபோது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

அதற்கு முன்பு மாதக்கணக்காக அதை யாருமே கண்டுகொள்ளவில்லை. பாவாடை நாடா போதாமல் போனது. வகுப்பில் கரும்பலகைக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்றால் அடிவயிறு கனத்தது. கண்டிக்குப் பஸ் ஏறினால் கம்பளை வருவதற்குள் சிறுநீர் முட்டியது. ஊர் டாக்டர் வாயு என்று மாத்திரை கொடுத்தார். கேட்காததால் இன்னும் பெரிய மாத்திரை கொடுத்தார். "வயசு போகுதுதானே டீச்சர், வயிறு வைக்கத்தான் செய்யும்" என்று சிரித்தார். ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் சோற்றைக் குறைக்கச் சொன்னார்கள். குறைத்தேன். கைகால் மெலிந்தது, வயிறு அப்படியே இருந்தது.

அது போரின் கடைசி வருஷங்கள். சண்டை எங்கேயோ வடக்கில் நடந்தது. எங்கள் மலைப்பக்கத்துக்கு வந்து சேர்ந்ததெல்லாம் பையைத் திறப்பதும் அடையாள அட்டையை நீட்டுவதும்தான். கண்டிக்குப் போக வர, பேராதனைப் பாலத்தில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்குவார்கள். அட்டையில் பெயரைப் பார்த்ததும் எங்களுக்கு மட்டும் வரிசை மெதுவாக நகரும். யாராவது கையில் போத்தல் வைத்திருந்தால் அதற்கு ஒரு தனிச் சடங்கு இருந்தது. மூடியைத் திறந்து ஒரு வாய் குடித்துக் காட்டவேண்டும். தண்ணீர் என்றால் குடிக்கலாம், பிளேன்டீ என்றால் குடிக்கலாம். பிள்ளைக்குக் கொண்டுபோகிற இருமல் மருந்தைத் தாய் குடித்துக் காட்டியதை நானே பார்த்திருக்கிறேன்.

என் கணவர் ஒரு ஹாட்வெயார் கடையில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தார். சிங்களம் அவருக்குத் தமிழை விடச் சரளம். ஒருமுறை முதலாளியின் லொறிக்கு பேட்டரித் தண்ணி வாங்கிக்கொண்டு வரும்போது இதே பாலத்தில் பிடித்தார்கள். குடித்துக் காட்டு என்றார்கள். இது அசிட், குடிக்க முடியாது என்று இவர் நல்ல சிங்களத்தில் விளக்கியிருக்கிறார். குடிக்க முடியாத எதை எதற்குக் கொண்டுபோகிறாய் என்று கேட்டு, பொலிஸ் ஸ்டேஷன் மர வாங்கில் அன்று முழுக்க உட்காரவைத்துவிட்டார்கள். சாயங்காலம் முதலாளி நேரில் வந்து, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, இவன் என்னுடைய ஆள் என்று பொறுப்பெடுத்த பிறகுதான் விட்டார்கள். வீட்டுக்கு வந்தவர் கைகால் கழுவிவிட்டுப் படுத்தார். அதன் பிறகு அவர் பிரயாணத்தில் தண்ணீரைத் தவிர வேறெதையும் போத்தலில் கொண்டுபோனதில்லை. நல்லெண்ணெய் கூட வாங்கமாட்டார்.

ஆபரேஷன் செய்ய முன்வந்தவர் யாழ்ப்பாணத்து சர்ஜன். கண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழிக்காமல், துளை போட்டு கெமராவை விட்டுச் செய்கிறார் என்று சொல்லி ஸ்கேன் டாக்டரே அனுப்பினார். கெட்டிக்காரர், அதில் சந்தேகமில்லை. ஆனால் நான் கதிரையில் எதிரே உட்கார்ந்திருக்க, அவர் என் கணவரைப் பார்த்தே பேசினார்.

"இவவின்ரை ரத்தப் பரிசோதனை நல்லாயிருக்கு. கட்டியும் ஒரே அறைதான், உள்ளுக்குத் தண்ணி மாதிரித்தான் தெரியுது. அதாலை கெமராவாலை செய்யலாம். ரெண்டு சூலகத்தையும் எடுத்துவிடுவம். இந்த வயதிலை இவவுக்கு அது தேவையில்லைத்தானே."

"சரிங்க டாக்டர்" என்றார் கணவர்.

"கட்டி உள்ளுக்கு உடைஞ்சா என்ன ஆகும்?" என்று நான் கேட்டேன்.

அவர் அதற்கான பதிலையும் என் கணவருக்கே சொன்னார். உள்ளே கெட்டது ஏதாவது இருந்து, அது வயிற்றுக்குள் சிந்தினால் பரவிவிடும். அதனால் கட்டியை உள்ளேயே ஒரு பைக்குள் போட்டு, பைக்குள்ளேயே தண்ணீரை உறிஞ்சி, சுருங்கியதும் தொப்புள் துளை வழியாகப் பையோடு வெளியே இழுப்பார்கள். பிறகு அதை லேபுக்கு அனுப்பிப் பார்த்தால்தான் முடிவு தெரியும். எனக்கு இதெல்லாம் நன்றாகப் புரிந்தது. எனக்குப் புரிந்தது என்பதை அந்த அறையில் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் ஆபரேஷன். மயக்கம் தெளிந்தபோது சர்ஜன் கட்டில் காலடியில் நின்றிருந்தார். முகத்தில் சந்தோஷம். "ஒரு துளியும் சிந்தேல்லை" என்றார், வழக்கம்போல என் கணவரிடம். அந்த ஒரு தரம் மட்டும் எனக்குக் கோபம் வரவில்லை. யாரிடம் சொன்னால் என்ன, சிந்தவில்லை என்பதே போதும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அந்த நாட்களில் அங்கே வழக்கம் எப்படியென்றால், வெட்டி எடுத்ததை நோயாளியின் ஆள் கையில்தான் கொடுப்பார்கள். அவர்தான் லேபுக்குக் கொண்டுபோக வேண்டும். லேப் கொழும்பில். நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் போத்தலைக் கொண்டுவந்து என் கணவரிடம் நீட்டினாள். கலங்கிய தண்ணீர் போல போமலின் என்ற மருந்து, அதற்குள் வெளிறிப்போய் என்னுடைய ஏதோ ஒன்று. மூடியை இறுக்கி பிளாஸ்டர் ஒட்டியிருந்தும் மூக்கைத் துளைக்கிற வாடை. இதைத் திறக்கக்கூடாது, இன்றைக்கே கொடுக்கவேண்டும் என்று அவள் சிங்களத்தில் சொன்னாள். அவர் இரண்டு கையாலும் வாங்கினார். கோயிலில் பிரசாதம் வாங்குவது போல வாங்கினார் என்று நினைத்துக்கொண்டே நான் தூங்கிப்போனேன்.

விழித்தபோது பக்கத்தில் தெல்தோட்டையிலிருந்து வந்த என் கணவரின் தங்கை உட்கார்ந்திருந்தாள். வந்ததும் போர்வையை விலக்கி என் வயிற்றைப் பார்த்தவள், ஒட்டியிருந்த மூன்று சின்ன பிளாஸ்டரையும் பார்த்துவிட்டு ஏமாந்துபோனாள்.

"என்னா அண்ணி, இவ்வளவுதானா? நான் என்னமோ கிழிச்சுப் போட்டிருப்பாங்கன்னுல்ல ஓடி வந்தேன்."

"தோள் வலிக்குது" என்றேன். உண்மையாகவே வயிற்றை விடத் தோள்தான் உயிர் போகிற மாதிரி வலித்தது.

"வயித்துல ஆபரேஷன் செஞ்சா தோள் ஏன் வலிக்குது? நீங்க எங்கயோ மோதிட்டீங்க."

வயிற்றை உப்பவைக்க உள்ளே காற்றுப் பிடிப்பார்கள், அந்தக் காற்றின் மிச்சம் தோள்பட்டைக்கு வலியைக் கொடுக்கும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அதை நான் சொன்னபோது அவள் நம்பவில்லை. பிள்ளை பெற்றவளுக்குச் செய்வது போல பூண்டும் மிளகும் அரைத்துப்போட்டுக் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்திருந்தாள். "பச்ச ஒடம்பு அண்ணி, இத சாப்பிட்டாத்தான் உள்ள காயும்" என்று ஊட்டவே வந்துவிட்டாள். பேரன் பேத்தி எடுக்கிற வயதில் எனக்குப் பத்தியம். அன்பு என்று தெரியும். இருந்தாலும் அந்த வலியோடு கருவாட்டு வாடையும் சேர்ந்து எனக்கு அழுகை வந்தது. வலியில் அழுகிறேன் என்று நினைத்து அவள் இன்னொரு கவளம் பிசைந்தாள்.

கணவர் மறுநாள் காலையில் வந்தார். "குடுத்துட்டேன்" என்றார். அவர் போய்ச் சேர்ந்தபோது லேப் கவுண்டர் மூடிவிட்டதாம். சனிக்கிழமை போயா, பௌர்ணமி விடுமுறை, ஞாயிறும் திறக்கமாட்டார்கள். காவலாளி வாங்கிவைத்துக்கொண்டு திங்கட்கிழமை உள்ளே கொடுக்கிறேன் என்றிருக்கிறான். அந்த மருந்துக்குள் கிடந்தால் எத்தனை நாளும் கெடாது என்று நர்ஸ் சொன்னதால் நான் கவலைப்படவில்லை. கொழும்புக்குப் போய் வந்த களைப்பில் அவர் முகம் கறுத்திருந்தது. அதைக் களைப்பு என்றே நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு வேனில் வீட்டுக்குப் புறப்பட்டோம். பாலத்தில் இறக்கினார்கள். ஆபரேஷன் என்று டிரைவர் சொன்னதையும் கேட்கவில்லை. திரைக்குப் பின்னால் ஒரு பெண் சிப்பாய், என் பிள்ளைகள் வயதிருக்கும், கையால் தட்டிக்கொண்டே வந்து வயிற்றில் நிறுத்தினாள். காற்று இறங்காமல் அது இன்னும் உப்பியிருந்தது. அவள் முகம் மாறியது. ஒரு அடி பின்னால் போய், எத்தனை மாதம் என்று சிங்களத்தில் கேட்டாள். என் தலையில் பாதி நரை. நான் சேலையை விலக்கி பிளாஸ்டர்களைக் காட்டினேன். அவள் விரலால் ஒன்றைத் தொட்டுப் பார்த்து அழுத்தினாள். கண்ணில் தண்ணீர் வந்தது. ஒரு வார்த்தை கூட மன்னிப்பு இல்லை, போகச் சொல்லிக் கையைக் காட்டினாள். வெளியே என் கணவர் வெயிலில் நடுங்கிக்கொண்டு நின்றார். எனக்கு ஆத்திரத்தில் உடம்பு எரிந்தது. நடுங்குகிறீர்களே, எனக்காக ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா என்று வேனில் சொல்லிவிட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு காத்திருந்தோம். காத்திருப்பது என்றால் என்னவென்று அப்போதுதான் தெரிந்தது. சோறு வடிக்கும்போது நினைப்பேன், துணி மடிக்கும்போது நினைப்பேன். அது கெட்டதாக இருந்தால் மறுபடி வயிற்றைக் கிழிக்க வேண்டும், கர்ப்பப்பையையும் எடுக்கவேண்டும், மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போடவேண்டும், முடி கொட்டும். இல்லையென்றால் ஒன்றுமில்லை, பள்ளிக்கூடம் போகலாம். இரண்டுக்கும் நடுவே கொழும்பில் ஒரு போத்தல் இருந்தது.

ஒருநாள் அவர் கடையிலிருந்து சீக்கிரம் வந்தார். லேபுக்கு போன் செய்தாராம். "நல்லபடியா இருக்குன்னு சொன்னாங்க" என்றார். நான் அப்படியே அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். அன்று வெள்ளிக்கிழமையில்லை, ஆனாலும் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்தேன். தெல்தோட்டை நாத்தனாருக்குச் சொன்னேன். கருவாட்டுக் குழம்பால்தான் காய்ந்தது என்று அவள் இன்றுவரை நம்புகிறாள்.

அடுத்து சர்ஜனைப் பார்க்கப் போகவேண்டிய நாள் வந்தது. கிளினிக் வாசலில் என் கணவர், "நீ உக்காரு, நான் போயி பேசிட்டு வாறேன்" என்றார். எப்போதும் அப்படித்தான் நடந்தது. என்னைப் பற்றிய பேச்சு என்னைத் தாண்டித்தான் போகும். ஆனால் அன்று நல்ல செய்தி, அதையாவது என் முகத்துக்கு நேரே சொல்லட்டும் என்று நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்து இழுத்தார். உதறிவிட்டு நானே முதலில் உள்ளே போய் உட்கார்ந்தேன்.

சர்ஜன் கோபமாக இருந்தார். முதல்முறையாக என்னைப் பார்த்துப் பேசினார். "அம்மா, லேபிலை நாசமாக்கிப்போட்டாங்கள். திசு முழுக்க அழுகிப்போச்சாம், ஒண்டும் சொல்ல ஏலாதாம். போமலின் இல்லாமல் வெறும் தண்ணிக்கை கிடந்ததெண்டு எழுதியிருக்கிறாங்கள். நாங்கள் போமலின் ஊத்தித்தான் குடுத்தனாங்கள். ஆர் மாத்தினது? இப்பவே போன் எடுத்துக் கேக்கிறன்."

போனை எடுத்தார். நான் என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கதவுக்குப் பக்கத்தில் நின்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரோடு அத்தனை வருஷம் வாழ்ந்தவள் நான். அதற்கு மேல் எனக்கு யாரும் எதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

"வேணாங்க டாக்டர்" என்றேன். "போனத பேசி என்ன ஆகப்போகுது. இனி என்ன செய்யணும்னு சொல்லுங்க."

அவர் போனை வைத்துவிட்டுச் சொன்னார். பார்வைக்குக் கட்டி நன்றாகத்தான் இருந்தது, ரத்தமும் சரி, அனேகமாக ஒன்றுமிருக்காது. ஆனால் அனேகமாக என்றுதான் சொல்லமுடியும். இனி அடிக்கடி வந்து ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். அன்றிலிருந்து பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். இதுவரை ஒன்றுமில்லை. அந்தக் கட்டி என்னவாக இருந்தது என்று மட்டும் யாருக்கும் தெரியாது, இனித் தெரியவும் போவதில்லை. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முந்திய வாரம் எனக்குச் சோறு இறங்காது.

அன்று திரும்பும்போது நாவலப்பிட்டி பஸ்ஸில் ஜன்னலோரம் நான் உட்கார்ந்தேன், பக்கத்தில் அவர். கெட்டம்பே தாண்டியது. பிறகு கேட்டேன்.

"எங்க கொட்டினீங்க?"

"கண்டி ரயில் ஸ்டேஷன் பக்கத்துல. கொழும்பு பஸ் ஏறுறதுக்கு முன்னுக்கு. அங்க ஒரு பைப் இருக்குல்ல." பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு சொன்னார். "காயாம இருக்கத்தான் மருந்துன்னு நெனச்சேன். தண்ணியில போட்டாலும் காயாதுதானே."

"எங்கிட்ட ஏன் பொய் சொன்னீங்க?"

"நீ காத்துக் கெடந்ததப் பாத்து வாயில வந்திருச்சு. நீ கோயிலுக்குப் போனதுக்கு அப்புறம் எப்படி மாத்திச் சொல்ல?"

எனக்கு அவரை அங்கேயே உலுக்கவேண்டும் போல இருந்தது. அந்த சர்ஜன் என் வயிற்றுக்குள் பை போட்டு, பைக்குள் உறிஞ்சி, ஒரு துளி சிந்தாமல் எடுத்ததை இவர் ஒரு பைப்படியில் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறார். இருந்தாலும் பேட்டரித் தண்ணி ஞாபகம் வந்தது. பாலத்தில் அவரை என்ன பாடு படுத்தினார்களோ என்று மனம் இளகிக் கேட்டேன்.

"பாலத்துல புடிச்சாங்களா?"

"இல்ல. அன்னைக்கு நல்ல மழை. பஸ்ஸ நிப்பாட்டவே இல்ல. கைய ஆட்டிப் போகச் சொல்லிட்டாங்க."

இளகியது அப்படியே கல்லாகிவிட்டது. யாரும் கேட்கவில்லை. யாரும் தொடவில்லை. ஒருத்தனும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. எவனாவது பிடித்துக் கொட்டியிருந்தால் அவனையாவது வாழ்நாள் முழுக்கத் திட்டிக்கொண்டிருந்திருப்பேன்.

"அப்ப எதுக்குக் கொட்டினீங்க? யாரும் ஒன்னும் கேக்கலியே."

"கேட்டிருந்தா? குடிச்சுக் காட்டுன்னு சொல்லியிருந்தா?" என்றார். முன் சீட்டின் கம்பியைப் பார்த்துக்கொண்டு மிகவும் சாதாரணமாகச் சொன்னார். "அந்த மருந்தக் குடிக்க முடியாது. தண்ணின்னா குடிச்சிருப்பேன்."

அந்தத் தண்ணீரில் கிடந்தது என் சூலகம். அதைக் குடித்துக் காட்டத் தயாராகத்தான் இந்த மனிதர் பஸ் ஏறியிருக்கிறார்.

பாலம் வந்தது. எல்லோரையும் இறங்கச் சொன்னார்கள். எங்கள் முறை வந்ததும் அவர் பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்தார். சிப்பாய் அதைப் பார்க்கக்கூட இல்லை. அவன் எதுவும் கேட்பதற்கு முன்பே இவர் மூடியைத் திறந்து, அண்ணாந்து ஒரு வாய் குடித்து, விழுங்கிக் காட்டினார். அவன் எங்களைப் போகச் சொன்னான். திட்டுவதற்கு வைத்திருந்ததையெல்லாம் வைத்துக்கொண்டு நான் அவர் பின்னால் நடந்து பஸ்ஸில் ஏறினேன்.